விபத்து நடந்த றோட்டில் யார் எங்கே நிற்பது? – கேள்வி பதில்

மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் தீயணைப்பு, மீட்பு வேலையில் 20 வருடத்துக்கு மேல் நின்றவன் நான். இந்தக் கிழமை நீங்கள் கேட்டவற்றுக்குப் பதில் சொல்கிறேன்.

களுவாஞ்சிக்குடியிலிருந்து: அண்ணன், முதல்ல 1990க்கு அடிக்கிறதா, 119க்கா?

ஆளுக்குக் காயம் என்றால் அம்புலன்சுக்கு 1990. காசு ஒன்றும் இல்லை. பொலிசுக்கு 119. வாகனம் எரிந்தாலோ, ஆள் உள்ளே நசிந்து கிடந்தாலோ தீயணைப்புக்கு 110. மூன்றுக்கும் ஒருவரே அடிக்க வேண்டாம். "அக்கா, நீங்க 1990. தம்பி, நீ 119" என்று ஆளைக் காட்டிச் சொல்லுங்கள். பொதுவாகக் கத்தினால், மற்றவன் அடித்திருப்பான் என்று எல்லாரும் சும்மா நிற்பார்கள்.

இடம் சொல்வதில்தான் நாம் கோட்டை விடுகிறோம். "பிள்ளையார் கோயிலடி" என்றால் கொழும்புப் பக்கம் இருந்து போனை எடுப்பவருக்கு எந்தப் பிள்ளையார் என்று தெரியும்? நம்முடைய கரையில் ஊருக்கு ரெண்டு பிள்ளையார். ஊர், சந்தி, கிலோமீற்றர் கல்லில் இருக்கிற எண், வாகனம் எந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்தது, இவ்வளவையும் சொல்லுங்கள். ஏ4 றோட்டில் கல் கொழும்பிலிருந்து எண்ணி வருகிறது. இரத்தினபுரி, பொத்துவில் என்று சுற்றி வருவதால் மட்டக்களப்பு நகரை நெருங்கும்போது எண் 400ஐத் தாண்டிவிடும். பெரிய எண்ணாக இருக்கிறதே என்று குழம்ப வேண்டாம்.

காத்தான்குடி ஓட்டோக்காரர்: சேர், நாங்கதான் முதல்ல போய்ச் சேருறோம். ஏத்திட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுறதா, பார்த்திட்டு நிக்கிறதா?

உங்களை நான் குறை சொல்ல மாட்டேன். எத்தனையோ உயிர் ஓட்டோவில்தான் தப்பியிருக்கிறது. ஆனால் கழுத்து, முதுகு அடிபட்டவரை மடக்கிப் பின் சீற்றில் திணித்தால், நடக்கக்கூடிய ஆள் படுக்கையில் விழுந்துவிடுவார். தீ, கரண்ட், வெள்ளம் என்று உடனடி ஆபத்து இல்லையென்றால் ஆளை அசைக்காதீர்கள். இரத்தம் பாய்கிற இடத்தைச் சுத்தமான துணியால் அழுத்துங்கள், விடாமல் அழுத்துங்கள். ஹெல்மட்டை இழுக்காதீர்கள், மூச்சு நின்றுபோனால்தான் கழற்ற வேண்டும், அதுவும் ஒருவர் கழுத்தைப் பிடிக்க மற்றவர் மெல்ல எடுக்க வேண்டும். சோடாவோ தண்ணியோ கொடுக்க வேண்டாம்.

ஆரையம்பதியிலிருந்து: பொலிஸ், அம்புலன்ஸ், தீயணைப்பு மூன்றும் வந்தா எது எங்க நிக்கணும்? பார்க்கிற எல்லா விபத்திலயும் றோட்டே அடைபட்டுக் கிடக்கே.

நல்ல கேள்வி, எனக்குக் கோபம் வருகிற கேள்வியும்கூட. ஒருமுறை அம்புலன்ஸ் முன்னால் போய் நின்றது, அதன் பின்னால் இன்னொரு வாகனம், அதற்குப் பின்னால் வேடிக்கை பார்க்க வந்த மோட்டார் சைக்கிள்கள். காயக்காரரை ஏற்றியும் கன நேரம் வெளியே போக வழி இல்லை.

பெரிய வாகனம், அதாவது தீயணைப்பு வண்டி, வருகிற வாகனங்களுக்கும் காயக்காரருக்கும் நடுவில் சரிவாக நிற்க வேண்டும். யாராவது வந்து மோதினாலும் மோதல் அதோடு நிற்கும். அம்புலன்ஸ் விபத்தைத் தாண்டி முன்னால், ஆஸ்பத்திரிப் பக்கம் முகம் பார்த்து நிற்க வேண்டும். திரும்பும் வேலையே இருக்கக்கூடாது. பொலிஸ் இரண்டு பக்கமும் தூரத்தில் நின்று மறிக்க வேண்டும். 70 கிலோமீற்றர் வேகத்தில் வருகிறவன் ஒரு செக்கனில் 19 மீற்றர் கடந்துவிடுவான், ஆகவே எச்சரிக்கை குறைந்தது 100 மீற்றர் தள்ளியாவது வேண்டும். இரவில் ஹெட்லைட்டை அணைத்துவிட்டு சிக்னல் லைட்டை மட்டும் போட வேண்டும். எதிரே வருகிறவனின் கண்ணைக் கூசச் செய்தால் நாமே அடுத்த விபத்துக்கு ஆள் சேர்க்கிறோம்.

மேலே கேட்டவரே: அப்ப எல்லாருக்கும் யார் பெரியவர்?

அங்கே நிற்பவர்களில் யூனிபோமில் மூத்தவர் என்று நினைப்பது தவறு. தீ, எரிபொருள், நசிந்த வாகனம் தீயணைப்பின் பொறுப்பு. காயக்காரரைத் தொடுவதும், யாரை முதலில் ஏற்றுவது என்பதும் அம்புலன்ஸ் ஆட்களின் முடிவு. போக்குவரத்தும் தடயமும் பொலிசுடையது. மூன்றுக்கும் ஒவ்வொரு ஆள் பேசி, அந்த மூவரும் ஒரே இடத்தில் நின்று பேசினால் பாதி வேலை முடிந்தது. கத்துகிறவன் முதலில் சாக மாட்டான், அவனிடம் ஓடாதீர்கள். சத்தமில்லாமல் கிடப்பவனைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

செங்கலடியிலிருந்து: சனம் கூடினா விரட்டுறதா?

விரட்டினால் பத்து அடி தள்ளிப் போய் அங்கே நிற்கும். வேலை கொடுங்கள். நாலு பேர் றோட்டின் இரண்டு முனையிலும் போன் லைட்டை ஆட்டட்டும், ரெண்டு பேர் சந்தியில் நின்று அம்புலன்சுக்கு வழி காட்டட்டும், ஒருவர் அடிபட்டவரின் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு ஓரமாக இருக்கட்டும். வீடியோ எடுக்கிறவனிடம் ஒரு பெரிய துணியைக் கொடுத்து மறைத்துப் பிடிக்கச் சொல்லுங்கள். கை ரெண்டும் வேலையில் இருக்கும்.

அக்கரைப்பற்றிலிருந்து: வாகனத்தில கரண்ட் கம்பி விழுந்தா?

கிட்டப் போகாதீர்கள். உள்ளே இருப்பவரை இறங்க வேண்டாம் என்று தூரத்தில் நின்று சொல்லுங்கள். மின்சார சபைக்கு 1987.

காரைதீவிலிருந்து: மாவடிப்பள்ளியில 2024 நவம்பர் வெள்ளத்தில டிரக்டர் இழுபட்ட மாதிரி நடந்தா?

வெள்ளம் ஓடுகிற றோட்டில் டிரக்டர் பாரமானது, நிற்கும் என்று நம்பித்தான் ஏறுகிறோம். ஓடுகிற தண்ணீர் முழங்காலுக்கு வந்தாலே ஆளைச் சாய்த்துவிடும், அதைத் தாண்டினால் வாகனத்தைத் தூக்கும். கரையில் நிற்பவர்கள் குதிக்காதீர்கள். கயிறு, டியூப், காலி கான் என்று கிடைப்பதை எறியுங்கள். ஆள் இழுபட்டுப் போன பக்கமாகக் கரையோரம் ஆட்களை நிறுத்துங்கள். எத்தனை பேர் ஏறினார்கள் என்று தெரிந்தவரைப் பிடித்துத் தனியாக உட்கார்த்தி வையுங்கள். தேடும் ஆட்கள் வந்ததும் முதலில் கேட்பது அந்த எண்ணைத்தான்.