நடக்காதது சோம்பலா, வாழும் இடமா?

மருத்துவர் சொல்லியும் பலர் நடைப்பயிற்சி செய்யாதது சோம்பல்தானே என்று கேட்டிருக்கிறீர்கள். பெரும்பாலும் இல்லை.

உலக சுகாதார ஸ்தாபனம் பெரியவர்களுக்கு வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிட மிதமான உடற்செயற்பாட்டைப் பரிந்துரைக்கிறது. மட்டக்களப்பில் கல்லடிவாசிக்கு அது எளிது. கடற்கரை கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. வாவிக்கு அப்பால் படுவான்கரையில் பகலெல்லாம் குனிந்து களை பிடுங்கிய பெண், பொழுது சாய்ந்தபின் விளக்கில்லாத கிரவல் பாதையில் எப்படி நடப்பார்? போதாக்குறைக்கு, யானையும் வரும் ஊர்கள் அவை!

வயல்வேலையே பயிற்சிதானே என்பீர்கள். ஓரளவுக்குத்தான். ஓய்வில்லாத கூலியுழைப்பு, ஓய்வுநேர நடையின் அளவுக்கு இதயத்துக்கு நன்மை தருவதில்லை என்று பல ஆய்வுகள் காட்டுகின்றன. வருமானம் குறைந்தால் தட்டில் சோறு கூடும், மீனும் காய்கறியும் குறையும். அதுவும் நீரிழிவுக்கு வழிவிடும்.

ஆகவே ஆலோசனை சொல்லுமுன், எந்த நேரத்தில், எந்த வழியில் நடக்க முடியும் என்று நடக்க வேண்டியவரிடமே கேளுங்கள்.