தகரக் கூரையில் விழும் மழைநீரைச் சமையலுக்குப் பயன்படுத்தலாமா?

மணலியிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "எங்கள் தகரக் கூரையில் விழும் மழைநீரைப் பிளாஸ்டிக் தொட்டியில் பிடித்துச் சமையலுக்குப் பயன்படுத்துகிறோம். சுற்றிலும் தொழிற்சாலைகள் இருப்பதால் அது அமில மழையாக இருக்குமோ என்று பயமாக இருக்கிறது. அப்படியானால் புழல் ஏரித் தண்ணீரும் கெட்டுப்போயிருக்காதா?"

முதலில் ஏரியைப் பார்ப்போம். தூய காற்றில் பெய்யும் மழையும் கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு வருவதால், அதன் பி.எச். அளவு (அமிலத்தன்மையைக் காட்டும் எண்; 7 நடுநிலை, குறையக் குறைய அமிலம் கூடும்) ஏறத்தாழ 5.6 ஆகவே இருக்கும். நிலக்கரியும் எண்ணெயும் எரிவதால் வெளியேறும் கந்தக, நைட்ரஜன் ஆக்சைடுகள் அமிலங்களாக மாறி மழையில் கலந்தால் அது மேலும் இறங்கும். ஓர் எண் இறங்கினால் அமிலத்தன்மை பத்து மடங்கு கூடிவிட்டது என்று பொருள். ஆனால், ஏரி அமிலமாகுமா என்பதைப் பெரிதும் தீர்மானிப்பது, அதற்கு நீர் வந்து சேரும் நிலத்தில் அமிலத்தை முறிக்கும் சுண்ணாம்புச் சத்து இருக்கிறதா என்பதுதான்.

நார்வே, ஸ்வீடன், கனடா ஆகிய நாடுகளில் கிரானைட் பாறைமீது மெல்லிய மண் மட்டுமே படிந்த பகுதிகளில் அந்தச் சத்து இல்லாததால், மண்ணிலிருந்த அலுமினியம் கரைந்து ஏரிகளில் இறங்கி மீன்களின் செவுள்களைப் பாழாக்கியது. கனடாவின் ஒன்டாரியோ மாநிலத்தில் 223 என்று எண்ணிடப்பட்ட ஏரியில், 1976 முதல் விஞ்ஞானிகள் வேண்டுமென்றே சிறிது சிறிதாகக் கந்தக அமிலம் சேர்த்துப் பார்த்தார்கள். பி.எச். 6-க்குச் சற்றுக் கீழே இறங்கியதுமே நன்னீர் இறாலினமும் சிறு மீன்களும் அருகிப்போயின. அவற்றைத் தின்று வாழ்ந்த பெரிய ட்ரவுட் மீன்கள் பின்னர் இரையின்றி மெலிந்தன.

புழலின் நிலை வேறு. அங்கு சேரும், ஆந்திராவிலிருந்து வரும் கிருஷ்ணா நதி நீரிலும் சுற்றுப்புற ஓடை நீரிலும் அமிலத்தை முறிக்கும் பைகார்பனேட் போதிய அளவில் இருப்பதாலும், நம் காற்றிலுள்ள சுண்ணாம்புத் தூசி மழையின் அமிலத்தை ஓரளவு முறித்துவிடுவதாலும், அமில மழை அந்த ஏரியை எளிதில் கெடுத்துவிடாது. நான் உண்மையில் கவலைப்படுவது, நீண்ட வறட்சிக்குப் பின் பெய்யும் முதல் கனமழை ஏரிகளுக்குள் அடித்துவரும் கழிவுநீரையும் உரச்சத்தையும் பற்றித்தான். அவை அழுகும்போது நீரிலுள்ள ஆக்சிஜன் தீர்ந்து மீன்கள் செத்து மிதக்கின்றன.

உங்கள் கூரைக்கு ஏரியின் இந்தப் பாதுகாப்பு கிடையாது. உப்புகள் குறைந்த மென்னீரான மழைநீர், சற்றே அமிலமாக இருந்தாலும், தகரத்தின் துத்தநாகப் பூச்சையும் பழைய குழாய் இணைப்புகளிலுள்ள ஈயத்தையும் அரிக்கும். அப்படிக் கரைந்த உலோகம் கொதிக்க வைத்தாலும் போகாது. சிமென்ட் தொட்டியாக இருந்தால் அதன் சுண்ணாம்பு அமிலத்தை முறிக்கும். பிளாஸ்டிக் தொட்டியில் அதற்கு வழியில்லை.

எனவே, ஒவ்வொரு முறையும் மழையின் முதல் 2 மி.மீ. நீரை, அதாவது 50 சதுர மீட்டர் கூரைக்குச் சுமார் 100 லிட்டரை, தொட்டிக்குள் விடாமல் வெளியேற்றுங்கள். கூரையில் படிந்த கரியும் தூசியும் பெரும்பாலும் அதிலேயே போய்விடும். துருப்பிடித்த தகட்டிலிருந்தும் பெயின்ட் உரியும் தகட்டிலிருந்தும் சமையலுக்கு நீர் பிடிக்க வேண்டாம். தொட்டி நீரை ஆய்வகத்தில் கொடுத்து, பி.எச்., ஈயம், துத்தநாகம், கிருமிகள் ஆகியவற்றைச் சோதித்துப் பாருங்கள். குடிநீருக்கான இந்தியத் தர அளவு பி.எச். 6.5 முதல் 8.5 வரை. அதற்குக் கீழே இருந்தால், வடிகட்டியில் மணலோடு கழுவிய சுண்ணாம்புக்கல் ஜல்லியையும் ஓர் அடுக்காகப் போட்டு, சில மழைகளுக்குப் பின் மீண்டும் சோதியுங்கள். ஈயம் தென்பட்டால் மட்டும், அந்தக் குழாய்களை மாற்றும் வரை அந்த நீரைத் துணி துவைக்கவும் வீடு கழுவவும் வைத்துக்கொள்ளுங்கள்.