பூத்தும் காய்க்காத வெண்ணெய்ப்பழ மரம்

அன்புள்ள ஐயா,

கொட்டையிலிருந்து முளைக்கவைத்த எங்கள் அவகாடோ மரத்துக்கு எட்டு வயது. மூன்று வருடமாகக் கொத்துக்கொத்தாகப் பூக்கிறது. ஒரு பிஞ்சுகூட நின்றதில்லை. பார்ப்பவர்கள் எல்லாரும் "இது ஆண் மரம், வெட்டிவிட்டு வேறு வை" என்கிறார்கள். கொட்டையைத் தண்ணீரில் வைத்து முளை கண்டவள் என் மகள். அவள் விடமாட்டேன் என்கிறாள். வெட்டத்தான் வேண்டுமா? இன்னொன்று, இலையைக் கசக்கினால் சோம்பு வாசனை வருகிறது. நோய் ஏதாவதா?

கே.

அன்புள்ள கே.,

வெட்டாதீர்கள். உங்கள் மகள் சொல்வதுதான் சரி.

பப்பாளியிலும் பனையிலும் ஆண் மரம் உண்டு. அவற்றைப் பார்த்துப் பழகியவர்கள் காய்க்காத மரம் எதையும் ஆண் என்று சொல்லிவிடுகிறார்கள். வெண்ணெய்ப்பழத்தில் ஆண் மரமே கிடையாது. ஒவ்வொரு பூவிலும் சூலகமும் உண்டு, மகரந்தமும் உண்டு. இரண்டும் ஒரே வேளையில் தயாராவதில்லை, அவ்வளவுதான்.

இந்தப் பூ இரண்டு முறை மலரும். முதல் முறை பெண்ணாக விரிந்து, சில மணி நேரத்தில் மூடிக்கொள்ளும். மறுநாள் மறுபடி விரியும்போது ஆண். 'ஏ' வகை மரத்தில் பூ காலையில் பெண்ணாக மலர்ந்து, மறுநாள் பிற்பகலில் ஆணாக மலரும். 'பி' வகையில் பிற்பகலில் பெண், மறுநாள் காலையில் ஆண். இரண்டு வகையும் பக்கத்தில் பக்கத்தில் நின்றால், ஒன்றில் சூலகம் காத்திருக்கும் நேரத்தில் மற்றதில் மகரந்தம் இருக்கும். தேனீ வந்தால் போதும். தனியாக நிற்கும் மரத்துக்கு அந்த வசதி இல்லை. வெயிலும் குளிரும் நேரத்தைக் கொஞ்சம் முன்பின் தள்ளும்போது ஒரே மரத்தில் சில பூக்கள் ஆணாகவும் சில பெண்ணாகவும் விரிந்திருக்கும். ஒற்றை மரம் காய்ப்பது பெரும்பாலும் அப்படித்தான்.

ஒரு பூங்கொத்தைக் கையில் பிடித்து, லென்ஸ் வைத்துப் பாருங்கள். மஞ்சள் கலந்த பச்சைப் பூ, சுண்டுவிரல் நகம் அளவுதான். பெண் நிலையில் ஒன்பது மகரந்தத் தாள்களும் இதழோடு இதழாகச் சாய்ந்து கிடக்கும். நடுவில் சூல்தண்டு மட்டும் நிற்கும். ஆண் நிலையில் தாள்கள் எழுந்து நிற்கும். அப்போது ஒவ்வொரு மகரந்தப் பையிலும் குட்டிக் கதவுகள் மேல்நோக்கித் திறந்து, மகரந்தம் அவற்றில் ஒட்டிக்கொண்டிருப்பதைக் காணலாம். முதல் முறை பார்த்தபோது அரைமணி நேரம் அந்தக் கொத்தை விட்டு நகர மனம் வரவில்லை எனக்கு.

உங்கள் மரம் எந்த வகை என்று இப்படியே கண்டுபிடித்துவிடலாம். காலை பத்து மணிக்கு விரிந்த பூக்களில் தாள்கள் சாய்ந்திருந்தால் ஏ, எழுந்து நின்றால் பி. நான்கைந்து நாள், குளிர் இல்லாத நாட்களாகப் பாருங்கள். பிறகு எதிர் வகை மரத்திலிருந்து குச்சி வாங்கி ஒரு கிளையில் ஒட்டுக் கட்டிவிடலாம். இன்னொரு மரத்துக்கு இடம் தேட வேண்டியதில்லை. பூக்கும் காலத்தில் பூச்சிமருந்து அடிக்கவே அடிக்காதீர்கள்.

பூ உதிர்வதற்கும் கலங்க வேண்டாம். நன்றாகக் காய்க்கும் மரத்திலேயே ஆயிரம் பூவுக்கு ஒரு காய் தேறுவது அரிது. கொட்டை போட்டு வளர்த்த மரம் காய்ப்புக்கு வர ஐந்து வருடமும் ஆகலாம், பத்தைத் தாண்டியும் போகலாம்.

கலிஃபோர்னியாவில் ருடால்ஃப் ஹாஸ் என்ற தபால்காரர் 1920-களில் கொட்டை நட்டு ஒரு கன்று வளர்த்தார். அதில் வேறு ரகத்தை ஒட்டுக் கட்டிப் பார்த்தார். ஒட்டு பிடிக்கவே இல்லை. வெட்டிவிட நினைத்தவரை, ஒட்டுக்கட்ட வந்தவர்தான் தடுத்தார்: நல்ல திடமான கன்று, விட்டுவைத்துப் பாருங்கள் என்று. அந்த மரத்துக்கு ஹாஸ் 1935-ல் காப்புரிமை வாங்கினார். இன்று உலகில் அதிகம் பயிராகும் 'ஹாஸ்' ரகம் முழுவதும் அந்த ஒரே மரத்தின் ஒட்டு வழியாக வந்தது.

சோம்பு வாசனை நோயல்ல, பிறப்பு. வெண்ணெய்ப்பழத்தில் மெக்சிகோ, குவாத்தமாலா, மேற்கிந்தியத் தீவுகள் என்று மூன்று இனம் உண்டு. இலையில் சோம்பு மணப்பது மெக்சிகோ இனத்தில். குளிர் தாங்குவதும் அதுதான். பட்டை, கற்பூர மரம் எல்லாம் இதற்கு ஒரே குடும்பம். அந்த உறவில் ஒரு ஆபத்தும் உண்டு. இந்த மரத்தைக் கொல்லும் வேரழுகல் கிருமியை முதலில் 1922-ல் விவரித்தது சுமத்ராவின் பட்டை மரங்களிலிருந்து. பட்டை மரத்தின் தாவரவியல் பெயர் சின்னமோமம், அதனால்தான் கிருமியின் பெயரே பைட்டோப்தோரா சின்னமோமி. ஹாஸின் தாய்மரம் 2002-ல் வேரழுகலில்தான் போயிற்று. ஆகவே மரத்தடியில் தண்ணீர் தேங்க விடாதீர்கள். வேர்கள் மேல்மண்ணிலேயே படர்பவை, கொத்தவும் வேண்டாம். உதிர்ந்த இலையைப் பெருக்கித் தள்ளாமல், தூரை ஒட்டாமல் கொஞ்சம் தள்ளி, அப்படியே மூடாக்காகப் பரப்பி விடுங்கள்.

அன்புடன்