கிண்ணத்துக்கு என்ன பூசுவது?

ஐயா, எங்கள் தோப்பில் பட்டுப்போன பெங்களூரா மாமரத்தை வெட்டியபோது ஒரு துண்டை எடுத்து நிழலில் போட்டிருந்தேன். ஒரு வருஷம் காய்ந்தபின் அதில் கிண்ணம் கடைந்திருக்கிறேன். மெலமைன் அடித்தால் கண்ணாடி மாதிரி இருக்கும், பிறகு கவலையே இல்லை என்கிறார் பெயின்ட் கடைக்காரர். அம்மா தேங்காய் எண்ணெய் போதும் என்கிறார். அரக்கு பூசலாமா? எத்தனாம் நம்பர் உப்புத்தாள் வரை தேய்க்க வேண்டும்? எதைப் பூசினால் பளபளப்பு நிற்கும்?

- வாசகர், காவேரிப்பட்டணம்

அன்புள்ள தம்பி,

உப்புத்தாள் 400 வரை போதும். அரக்கு அழகுதான். மரப் பொம்மைக்குப் பெயர்போன கர்நாடகத்துச் சன்னபட்டணத்தில், கடைசலில் சுழலும் மரத்தின்மேல் அரக்குக் குச்சியை அழுத்துவார்கள். உரசும் சூட்டிலேயே அது இளகிப் பிடித்துக்கொள்ளும். அப்புறம் தாழை ஓலையால் மெருகு. பொம்மைக்கு அது சரி. சூடான களி வைத்தால் தாங்காது.

கடிதத்தை இரண்டு முறை படித்தேன். கிண்ணத்தில் என்ன வைக்கப் போகிறீர்கள் என்று ஒரு வரிகூட இல்லை. ஷோகேஸுக்கா? அப்படியானால் கடைக்காரர் சொன்னதையே அடித்துக்கொள்ளுங்கள், என்னைக் கேட்க வேண்டாம்.

கோபம் எனக்குச் சும்மா வரவில்லை. எங்கள் வீட்டில் புளி போட்டு வைக்க ஒரு மரவை இருந்தது. தருமபுரிப் பக்கம் புளி உலுக்கி, கொட்டை நீக்கி, உப்புச் சேர்த்து அடைத்தால் வருஷச் செலவுக்கு ஆகும். புளியும் உப்பும் பித்தளையை அரித்துவிடும், மரத்திடம் அந்த வேலை பலிக்காது. உள்பக்கம் கன்னங்கரேலென்று இருக்கும். ஆத்தாவின் விரல் படும் விளிம்பு மட்டும் வழவழவென்று மின்னும். எவர்சில்வர் டப்பா வந்த வருஷம் அதை வெந்நீர் அடுப்பில் வைத்து எரித்துவிட்டார்கள். இன்றும் எனக்கு ஆறவில்லை. கையால் கடைந்த ஒரு பாத்திரத்தைச் சாப்பாட்டிலிருந்து தள்ளி வைப்பதும் ஏறக்குறைய அதேதான் தம்பி.

மெலமைன் மரத்துக்கு மேலே படலமாக நிற்கும். கரண்டி கீறிய இடத்தில் தண்ணீர் இறங்கும், அடியில் மரம் கறுக்கும், கடைசியில் மொத்தத்தையும் சுரண்ட வேண்டும். தேங்காய் எண்ணெய் எத்தனை நாளானாலும் உலராது. தூசி பிடிக்கும், போகப் போகக் காறல் வாடை வரும். அம்மாவிடம் பக்குவமாகச் சொல்லுங்கள். நீங்கள் பூச வேண்டியது ஆளி விதை எண்ணெய். அது காற்றிலுள்ள ஆக்சிஜனை வாங்கிக்கொண்டு மரத்துக்குள்ளேயே இறுகும். மங்கினால் அதன் மேலேயே இன்னொரு கை பூசலாம். பெயின்ட் கடையில் 'பாயில்டு' என்று தருவது வேண்டாம். சீக்கிரம் உலர உலோக உப்புகள் கலந்திருப்பார்கள். சாப்பிட விற்கும் செக்கெண்ணெயாகப் பாருங்கள். மெல்லிசாகப் பூசி, கால் மணி நேரம் ஊறவிட்டு, மிச்சத்தை ஒட்டத் துடையுங்கள். ஒவ்வொரு பூச்சும் காய நாள்கணக்கில் ஆகும். நாலு பூச்சுக்கு ஒரு மாதம் ஓடிவிடும். கண்ணாடிப் பளபளப்பு வராது, வரவும் வேண்டாம்.

துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் மட்டும் எறியாதீர்கள். எண்ணெய் உலரும்போது சூடு பிறக்கும். சுருட்டிய துணிக்குள் அது வெளியேற வழியில்லாமல் தானாகவே தீப்பிடிக்கும். சுற்றிலும் மரத்தூள் வேறு. கொடியில் ஒற்றையாக விரித்துப் போடுங்கள், இல்லையென்றால் தண்ணீரில் முக்கி வையுங்கள். இதை நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடாதீர்கள்.

முதல் களி உருண்டையை அதில் வைத்துச் சாப்பிட்டதும் எழுதுங்கள். குழம்பு என்ன என்பதையும்.