தண்ணீர் தண்ணீராகவே

கேள்வி: எழுதப் பழகுகிறவர்கள் அசோகமித்திரனின் 'தண்ணீர்' நாவலைப் படிக்க வேண்டும் என்று சென்ற இதழில் எழுதியிருந்தீர்கள். படித்தேன். வர்ணனை இல்லை, உவமை இல்லை, செய்தித்தாள்போல வறண்டு கிடக்கிறது. இதில் கற்றுக்கொள்ள என்ன இருக்கிறது?

பதில்: தண்ணீர்ப் பஞ்சத்தைப் பற்றிய நாவல் வறண்டிருப்பதாகச் சொல்வது புகாரா பாராட்டா என்று விளங்கவில்லை. ஆனால், 1973இல் வெளிவந்த அந்தச் சிறிய நாவலில் வர்ணனையே இல்லை என்பதை ஏற்பதற்கில்லை. குடமும் பக்கெட்டுமாகப் பெண்கள் பம்பு தேடி அலைவதும், காத்துக் கிடப்பதும், சண்டையிடுவதும் நுணுக்கமாகவே எழுதப்பட்டுள்ளன. நாவலின் நாயகி ஜமுனா பட்ட மனவேதனைதான் அப்படி விரித்து எழுதப்படவில்லை. சினிமா ஆசை காட்டி அவளைப் பயன்படுத்திக்கொள்ளும் பாஸ்கர் ராவ் ஒருபுறம், மனம் கசந்து விலகிப்போகும் தங்கை சாயா மறுபுறம் என்று அவள் தவிக்கும் நாட்களிலும், வீட்டுக்குத் தண்ணீர் பிடித்தாக வேண்டும் என்பதை ஆசிரியர் மறப்பதே இல்லை. விமர்சகர்கள் அந்தத் தண்ணீரைக் குறியீடு என்று எழுதித் தள்ளிவிட்டார்கள். நாவலுக்குள் அது பம்பை அடித்தால் வருகிற, சில சமயம் வராமலே போகிற ஒரு பொருள், அவ்வளவே.

அண்டை வீட்டு டீச்சரம்மா தன் கதையை ஜமுனாவிடம் சொல்லும் இடத்தை மறுபடி படியுங்கள். தன்னைவிட மிகவும் மூத்த, ஓயாமல் இருமும் ஒருவருக்குச் சிறுவயதிலேயே வாழ்க்கைப்பட்டதை அவர் சலனமில்லாமல் சொல்லிச் செல்கிறார். ஆசிரியரும் குறுக்கே புகுந்து பரிதாபப்படுவதில்லை. கேட்டுக்கொண்டிருப்பவள் தன் துயரமே பெரிது என்று உடைந்து நிற்பவள் என்பதால், அந்தப் பேச்சு டீச்சரம்மாவின் கடந்த காலத்தைச் சொல்லும்போதே ஜமுனாவின் துயரத்தையும் எடைபோட்டுவிடுகிறது. மற்றவர்கள் இருபது பக்கப் பின்கதையாக இழுத்திருப்பார்கள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். அசோகமித்திரன் ஜெமினி ஸ்டுடியோவில் பல ஆண்டுகள் பணிபுரிந்தவர். சினிமாவைப் பற்றித் தமக்குத் தெரிந்ததை எல்லாம் இங்கே கொட்ட அவரால் முடிந்திருக்கும், ஆனால் ஜமுனாவின் கதைக்குத் தேவைப்பட்ட அளவோடு நிறுத்திக்கொண்டார். (நம் எழுத்தாளர்கள் பலருக்கு இது கைவருவதில்லை.)

கேள்வியோடு நீங்கள் இணைத்திருக்கும் சிறுகதையில் கதாநாயகி மூன்று பக்கங்களுக்குள் நான்கு முறை கண் கலங்குகிறாள். ஆனால் அவள் என்ன வேலை பார்க்கிறாள், வாடகையை யார் கட்டுகிறார்கள் என்பது கடைசிவரை தெரியவில்லை. அந்த நான்கு இடங்களையும் அடித்துவிட்டு, அவள் ஒரு நாளில் செய்யும் வேலைகளை எழுதி மறுபடி அனுப்புங்கள்.