வாசகர் கேள்வி: தடைக்காலத்தில் காசிமேடு

கேள்வி: நாவலுக்காக எங்கெல்லாம் அலைகிறீர்கள்? எழுதியதை வெட்டும்போது வலிக்காதா?
– வாசகி, தண்டையார்பேட்டை

பதில்: தூரமெல்லாம் போவதில்லை. இப்போது எழுதும் நாவல் காசிமேட்டில் நடக்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் நிற்கும். பெயின்ட் அடிப்பார்கள், வலை சரிபார்ப்பார்கள். மற்ற நாட்களில் விடியற்காலை ஏலச் சத்தத்தில் யாருக்கும் பேச நேரமிருக்காது. அதனால் தடைக்காலத்தில்தான் போய் உட்காருவேன். அவர்களுக்கு அது வருமானம் இல்லாத காலம் என்பதை மனதில் வைத்துத்தான் எதையும் கேட்க வேண்டும்.

வெட்டினால் வலிக்கும்தான். 1856-இல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு ஸ்டேஷனுக்கு முதல் ரயில் கிளம்பியதை ஒரு அத்தியாயமாகவே எழுதியிருந்தேன். என் கதாநாயகி மீன் கூடையோடு பஸ்ஸுக்கு நிற்பவள், அவளுக்கு இது எதற்கு என்று கேட்டார் எடிட்டர். சரி என்று எடுத்துவிட்டேன்.

அப்புறம், வாசகர்களின் அன்பு. வலை பின்னும் அக்கா ஒருவர், கைப்பிரதியை மகளை வாசிக்கச் சொல்லி முழுக்கக் கேட்டார். "இந்த இடத்துல அவ அழ மாட்டா தம்பி, ஏலத்துக்கு ஓடுவா" என்றார். கிளம்பும்போது ஒரு பை நெத்திலிக் கருவாடு வேறு, காசு வாங்கவே இல்லை. அந்த அத்தியாயத்தைத்தான் இந்த வாரம் திரும்ப எழுதிக்கொண்டிருக்கிறேன்.