காட்டுமிராண்டிகள் என்று தீர்ப்பெழுதும் முன்

கேள்வி: நமக்கு நாகரிகம் கற்பிக்க வந்ததாகச் சொல்லிக்கொண்ட ஆங்கிலேயரின் முன்னோர்களான ஆங்கிலோ சாக்சன்கள், எழுத்தும் சட்டமும் கலையும் அறியாத வெறும் கடற்கொள்ளையர்கள்தானே? 449ஆம் ஆண்டில் மூன்று கப்பல்களில் வந்து இறங்கி, தங்களை நம்பி அழைத்த, அந்தத் தீவின் பழைய குடிகளான பிரித்தானியரையே வெட்டிச் சாய்த்து நாட்டைப் பறித்துக்கொண்டவர்கள் என்று படித்தேன். கொள்ளை அவர்கள் இரத்தத்திலேயே ஊறியது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா? (வாசகர், தஞ்சாவூர்)

பதில்: காலனி ஆட்சியின் மீது தங்களுக்குள்ள கோபம் நியாயமானது. அதில் இம்மியளவும் குறைத்துக்கொள்ளுமாறு நான் சொல்லப் போவதில்லை. ஆனால், 1765இல் வங்காளத்தின் வரிவசூல் உரிமையைக் கைப்பற்றிய கிழக்கிந்தியக் கம்பெனியின் குற்றத்துக்காக, அதற்கு ஆயிரத்து முந்நூறு ஆண்டுகள் முன்பு வடகடலைத் தாண்டி வந்த உழவர்களைக் கூண்டில் ஏற்றினால், உண்மையில் பதில் சொல்ல வேண்டியவர்கள் தப்பித்துக்கொள்வார்கள். கம்பெனிக்காரர்களின் பெயர்களும் முடிவுகளும் கணக்குகளும் ஆவணங்களில் இருக்கின்றன. பழியை அங்கே வையுங்கள்.

அந்த மூன்று கப்பல் கதைக்கு வருவோம். அதை முதலில் எழுதியவர் 6ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த கில்டாஸ் என்ற பிரித்தானியத் துறவி. அவர் வரலாறு எழுத உட்காரவில்லை; தம் காலத்து அரசர்களையும் குருமார்களையும் கண்டித்துச் சமயப் பிரசங்கம் எழுதினார். தம் மக்கள் செய்த பாவங்களுக்குக் கடவுள் அனுப்பிய தண்டனையே சாக்சன்கள் என்பது அவருடைய வாதம். தண்டனை எவ்வளவு கொடியதாக இருக்கிறதோ அவ்வளவுக்கு வாதம் வலுப்பெறும் என்பதால், எரியும் நகரங்களும் அடக்கம் செய்ய ஆளில்லாத பிணங்களும் அவர் பக்கங்களை நிறைக்கின்றன. சாக்சன்களின் வருகைக்கு அவர் ஆண்டு எதுவும் குறிக்கவில்லை. 449 என்ற கணக்குக்குக் காரணமானவர் வட இங்கிலாந்தில் ஜாரோ மடத்தில் வாழ்ந்த பீட் என்ற ஆங்கிலோ சாக்சன் துறவி. அவர் தம் திருச்சபை வரலாற்றை எழுதி முடித்ததோ 731இல், அதாவது ஏறத்தாழ 280 ஆண்டுகள் கழித்து. பீட் நேர்மையான அறிஞர். ஹெங்கிஸ்ட், ஹோர்சா என்ற சகோதரர்களைக் குறிப்பிடும்போது, அவர்கள் வந்திறங்கியவர்களின் முதல் தலைவர்களாக இருந்ததாகச் சொல்லப்படுகிறது என்று எச்சரிக்கையோடுதான் எழுதினார். பின்னால் வந்தவர்கள் எச்சரிக்கையை விட்டுவிட்டுக் கதையை மட்டும் எடுத்துக்கொண்டார்கள்.

அப்படி எடுத்துக்கொண்டவர்கள் யார் என்பதையும் தாங்கள் அறிய வேண்டும். 1776இல் அமெரிக்காவுக்கு ஒரு முத்திரை வடிவமைக்கும் பேச்சு வந்தபோது, அதன் ஒரு பக்கத்தில் ஹெங்கிஸ்டையும் ஹோர்சாவையும் பொறிக்கலாம் என்று தாமஸ் ஜெபர்சன் யோசனை சொன்னார். 19ஆம் நூற்றாண்டில் எட்வர்ட் பிரீமன் போன்ற ஆங்கில வரலாற்றாசிரியர்கள், சாக்சன்கள் பழைய குடிகளை அடியோடு அழித்துவிட்டார்கள் என்றே வாதிட்டார்கள். தங்கள் இனம் கலப்பற்றது, ஆளப் பிறந்தது என்ற பெருமிதத்துக்கு அந்த அழிப்புக் கதை தேவைப்பட்டது. தாங்கள் வெறுப்போடு சொல்வதை அவர்கள் பெருமையோடு சொன்னார்கள். ஏகாதிபத்தியத்தை எதிர்ப்பவர், ஏகாதிபத்தியம் தன்னைப் பற்றிக் கட்டிய கதையையே சான்றாகக் கொள்ளக் கூடாது என்பதற்காகத்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

மண் சொல்வது வேறு. 410ஐ ஒட்டி ரோமானிய ஆட்சி பிரித்தானியாவை விட்டு நீங்கியபோதே புதிய நாணயங்களின் வரத்து நின்றது, சக்கரத்தில் வனையும் பெரிய மட்பாண்டத் தொழில்கள் ஓய்ந்தன, நகரங்கள் வெறிச்சோடின. சாக்சன்கள் வந்து இடிப்பதற்கு அங்கே செழிப்பான நகர வாழ்வு பெரும்பாலும் மிஞ்சியிருக்கவில்லை. அவர்கள் குடியேறியது ஆற்றோரங்களில். கிழக்கு இங்கிலாந்தின் சபோக் மாவட்டத்தில் லார்க் ஆற்றங்கரையில் அகழப்பட்ட வெஸ்ட் ஸ்டோ என்ற சிற்றூர், 5ஆம் நூற்றாண்டின் தொடக்கக் கட்டத்திலிருந்து 7ஆம் நூற்றாண்டு வரை மக்கள் வாழ்ந்த இடம். அங்கே கிடைத்தவை, தரையில் குழி தோண்டி மேலே மரக்கூரை எழுப்பிய குடிசைகள், தறியில் பாவு நூலை இழுத்துப் பிடிக்கும் களிமண் குண்டுகள், கொம்பில் செதுக்கிய சீப்புகள், ஆடு மாடு பன்றிகளின் எலும்புகள். கோட்டையோ மதிலோ அந்த ஊருக்கு இல்லை. சதுப்புகளில் படிந்த பழைய மகரந்தத்தை ஆராய்ந்தவர்களும், தாழ்நில இங்கிலாந்தின் பெரும்பகுதியில் வயல்கள் காடாகிவிடவில்லை, உழவு தொடர்ந்தது என்றே காண்கிறார்கள். ஒரு மக்கள் கூட்டமே வெட்டிச் சாய்க்கப்பட்டிருந்தால் அந்த வயல்களை யார் உழுதிருப்பார்கள்?

சட்டம் அறியாதவர்கள் என்று தாங்கள் சொல்வதுதான் எனக்கு மிகவும் வருத்தம் தருகிறது. தென்கிழக்கு இங்கிலாந்தில் ஆங்கிலோ சாக்சன்கள் அமைத்த கென்ட் நாட்டின் அரசன் ஏத்தல்பெர்ட் 600ஆம் ஆண்டை ஒட்டி வெளியிட்ட சட்டத் தொகுப்பு நமக்கு முழுமையாகக் கிடைத்திருக்கிறது. அதே காலத்தில் ஐரோப்பியக் கண்டத்தில், இன்றைய பிரான்ஸ் பகுதியை ஆண்ட பிராங்குகள் முதலானோர் தங்கள் சட்டங்களை லத்தீனில் எழுதிக்கொண்டிருக்க, இவர்கள் தங்கள் தாய்மொழியில் எழுதினார்கள். ஆங்கிலமும் ஜெர்மனும் அடங்கிய ஜெர்மானிய மொழிக் குடும்பத்தில் எந்த மொழியிலும் அதைவிடப் பழைய சட்ட நூல் நம்மிடம் இல்லை. அதன் உள்ளே போனால் உடம்பின் ஒவ்வோர் உறுப்புக்கும் இழப்பீடு குறிக்கப்பட்டிருப்பதைக் காணலாம். கண்ணைப் பறித்தால் 50 ஷில்லிங், காதை அறுத்தால் 12, கட்டைவிரலை வெட்டினால் 20, அதன் நகத்தைப் பெயர்த்தால் 3, முன்பற்கள் நான்கில் ஒன்றை உடைத்தால் 6. சுண்டுவிரலுக்கு 11 ஷில்லிங், நடுவிரலுக்கோ வெறும் 4. சுதந்திரக் குடிமகன் ஒருவனைக் கொன்றால் 100 ஷில்லிங். அதில் 20 ஷில்லிங்கைச் சவக்குழி மூடப்படுவதற்கு முன்பே கொடுத்துவிட வேண்டும், மீதியை 40 இரவுகளுக்குள் தீர்க்க வேண்டும்.

இது உயிருக்கு விலை பேசும் கொடுமை என்று தோன்றலாம். அந்தக் குழியின் ஓரத்தில் நிற்கும் இறந்தவனின் அண்ணன் தம்பிகளை நினைத்துப் பாருங்கள். போலீஸ் இல்லை, சிறை இல்லை. கொன்றவன் வீட்டில் ஒருவரைக் கொன்று பழி தீர்ப்பதே அவர்களுக்குத் தெரிந்த நீதி. அந்தப் பழிக்கு எதிர்ப்பழி வரும், அது இரண்டு குடும்பங்களையும் விழுங்கும். கோபம் கொதிக்கும் அந்த நேரத்திலேயே, உடல் மண்ணுக்குள் போகும் முன், முதல் தவணை கைமாற வேண்டும் என்று விதித்தவர்கள் மனித மனத்தை நன்றாக அறிந்தவர்கள். அதே சட்டம், கணவனுக்கு உயிருள்ள குழந்தையைப் பெற்றுத் தந்த மனைவிக்கு, அவன் முன்னால் இறந்தால் சொத்தில் பாதி என்கிறது. எனக்குத் தெரிந்து இது காட்டுமிராண்டிகளின் சிந்தனை இல்லை.

எழுத்தைப் பொறுத்தவரை, அவர்களிடம் ரூன் என்ற பழைய ஜெர்மானிய எழுத்து முன்பே இருந்தது. வாளிலும் அணிகலன்களிலும் அஸ்திக் கலங்களிலும் சுருக்கமாகப் பொறித்தார்கள். 597இல் போப் கிரெகரி அனுப்பிய அகஸ்டின் கென்டில் இறங்கிய பிறகு லத்தீன் எழுத்தும் கிறிஸ்தவமும் பரவின. 716இல், அதாவது அகஸ்டின் வந்து 120 ஆண்டுகள் முடிவதற்குள், வியர்மத்-ஜாரோ மடத்துத் துறவிகள் தாங்கள் படியெடுத்த முழு விவிலியம் ஒன்றைப் போப்புக்குக் காணிக்கையாக ரோமாபுரிக்கு அனுப்பினார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்ட தோல் ஏடுகள் கொண்ட அந்தப் பெருநூல் இன்று பிளாரன்ஸ் நகரில் இருக்கிறது. வுல்கேட் என்ற லத்தீன் மொழிபெயர்ப்பில் முழுமையாகக் கிடைத்துள்ள விவிலியங்களில் அதுவே மிகப் பழையது. அதன் எழுத்தின் ஒழுங்கைக் கண்டு, இத்தாலியில்தான் எழுதப்பட்டிருக்க வேண்டும் என்று அறிஞர்களே நெடுங்காலம் நம்பினார்கள்.

கலையைப் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். 1939 கோடையில், உலகப் போர் மூளும் தறுவாயில், சபோக்கில் சட்டன் ஹூ என்ற இடத்தில் ஒரு மண்மேட்டைத் தோண்டினார்கள். 27 மீட்டர் நீளமுள்ள கப்பல் ஒன்று உள்ளே புதைந்திருந்தது. மரம் முழுவதும் மக்கிப் போய்விட்டது. மணலில் அதன் அச்சும், வரிசை பிசகாமல் நின்ற இரும்பு ஆணிகளும் மட்டும் எஞ்சியிருந்தன. 624ஐ ஒட்டி இறந்த கிழக்கு ஆங்கிலிய அரசன் ரெட்வால்டின் அடக்கமாக அது இருக்கலாம் என்பது பலரது கருத்து. அதில் கிடைத்த தோள் கொக்கிகளைப் படத்திலாவது உற்றுப் பாருங்கள். பொன்னில் சிறு சிறு அறைகள் வகுத்து, ஒவ்வோர் அறையின் வடிவத்துக்கும் ஏற்பக் கார்னெட் என்ற செந்நிறக் கல்லை மெல்லிய தகடாக அறுத்துப் பதித்திருக்கிறார்கள். ஒவ்வொரு கல்லுக்கு அடியிலும் நுண்ணிய கட்டங்கள் அழுத்தப்பட்ட பொற்படலம் ஒன்று உண்டு. கல்லின் ஊடே புகும் ஒளி அந்தக் கட்டங்களில் பட்டுச் சிதறித் திரும்புவதால் கல் உள்ளிருந்து எரிவது போலத் தெரிகிறது. பூதக்கண்ணாடி இல்லாத பட்டறையில் செய்த வேலை இது.

அக்கால ஐரோப்பிய நகைகளிலுள்ள கார்னெட் கற்களை வேதியியல் முறையில் ஆராய்ந்தவர்கள், அவற்றில் பெரும்பகுதி இந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் சென்றவை என்று கண்டிருக்கிறார்கள். நம் பக்கத்திலிருந்து போன பொருள் இன்னொன்றும் உண்டு. 735இல் மரணப் படுக்கையில் கிடந்த பீட், தம் சிறிய பெட்டியில் இருந்த அருமையான பொருள்களை மடத்துக் குருமார்களுக்குப் பங்கிட்டுக் கொடுத்தார் என்று உடனிருந்த மாணவர் எழுதிய கடிதம் கூறுகிறது. அவை சில துணிகள், கொஞ்சம் சாம்பிராணி, கொஞ்சம் மிளகு. தென்னிந்தியாவின் மேற்குக் கரையில் விளைந்த மிளகு வடகடலோரத்து மடம் ஒன்றில் பொக்கிஷமாகக் காக்கப்பட்டது என்றால், அந்த மக்கள் உலகத்தோடு தொடர்பற்ற கூட்டமாக இருந்திருக்க முடியாது.

இவ்வளவு சொன்னதால் அவர்களை உத்தமர்கள் என்கிறேன் என்று கொள்ள வேண்டாம். 616ஐ ஒட்டி செஸ்டர் நகருக்கு அருகே நடந்த போரில், எதிரிகளுக்காகப் பிரார்த்தனை செய்துகொண்டிருந்த பிரித்தானியத் துறவிகளை வடக்கே நார்தம்பிரியா என்ற ஆங்கிலோ சாக்சன் நாட்டை ஆண்ட ஏத்தல்பிரித் கொன்று குவித்தான். இறந்தவர்கள் ஏறத்தாழ 1200 பேர் என்று எழுதும் பீட், அதற்காக இரங்கவும் இல்லை. அடிமை வணிகமும் இருந்தது. நான் புகழ்ந்த அதே கென்ட் சட்டத்தில், அரசனுக்கு மாவரைக்கும் அடிமைப் பெண்ணோடு ஒருவன் படுத்தால் 25 ஷில்லிங் என்று ஒரு விதி உண்டு. அது அரசனின் உடைமைக்கு நேர்ந்த இழப்பாகவே கணக்கிடப்பட்டது. அந்தப் பெண்ணின் விருப்பத்துக்கு அதில் இடமே இல்லை. இந்தக் கொடுமைகளுக்காக அவர்களைக் கண்டியுங்கள், நானும் உடன் நிற்பேன். ஆனால் அக்காலத்துப் பிராங்குகளும் பிரித்தானியரும் ஐரிஷ்காரரும் இவற்றையே செய்தார்கள் என்பதை மறைத்துவிட்டு, ஒரு கூட்டத்துக்கு மட்டும் இது பிறவிக் குணம் என்று சொல்வது நேர்மையாகாது.

கடைசியாக, இரத்தம். 2022இல் வெளியான ஒரு பெரிய டி.என்.ஏ. ஆய்வு, இங்கிலாந்தின் 278 பேர் உட்பட 460 பழைய மனிதர்களின் எலும்புகளைச் சோதித்தது. கிழக்கு, தெற்கு இங்கிலாந்தில் அக்கால மக்களின் மரபில் சராசரியாக 76 விழுக்காடு, வடகடலின் மறுகரையிலிருந்து வந்தது என்று அது கண்டது. ஆகவே பெரிய குடியேற்றம் நடந்தது உண்மை. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் வந்தவர்களில் பெண்களும் இருந்தார்கள், அதாவது குடும்பங்களாக வந்தார்கள். பழைய குடிகளோடு மணவுறவு கொண்டார்கள். ஆயுதங்களோடு புதைக்கப்பட்ட ஆண்களில் வந்தேறிகளின் மரபினரும் உள்ளூர் மரபினரும் ஒருங்கே இருக்கிறார்கள். கென்டில் அப்டவுன் என்ற இடத்தில் 7ஆம் நூற்றாண்டு இடுகாடு ஒன்று உண்டு. அங்கே அடக்கம் செய்யப்பட்ட பத்துப் பதினோரு வயதுச் சிறுமியின் மரபணு, அவளுடைய தந்தை வழியில் தாத்தா அல்லது பாட்டி மேற்கு ஆப்பிரிக்க மரபினர் என்று காட்டுவதாக 2025இல் ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். அவளுடைய உறவுப் பெண்களும் அதே இடுகாட்டில்தான் கிடக்கிறார்கள். அவர்களுடைய மரபோ வடகடல் கரையைச் சேர்ந்தது. அந்த ஊரார் அவளை வேறாக எண்ணியதற்கு அவளுடைய கல்லறையில் எந்த அடையாளமும் இல்லை.